கேபிள் இரண்டு, வழி ஒன்று

மூன்று வாரத்தில் நான்காவது முறை. இரண்டு விண்டோஸ் சர்வர்களை (நோடுகளை) கிளஸ்டராகச் சேர்த்து வைத்திருக்கிறோம், ஒன்று விழுந்தால் மற்றது டேட்டாபேஸை ஏற்றுக்கொள்ள. நடுராத்திரி டேட்டாபேஸ் இரண்டாவது நோடுக்குத் தாவிவிடும். காலையில் ஈவென்ட் லாகைத் திறந்தால் 1135 என்ற எண்ணில் ஒரு பதிவு உட்கார்ந்திருக்கும், முதல் நோடை கிளஸ்டரிலிருந்து தூக்கிவிட்டோம் என்று. ஒன்று போனால் இன்னொன்று தாங்கட்டும் என்றுதானே நோடுக்கு இரண்டு நெட்வொர்க் கார்டு போட்டோம்?

சப்போர்ட்டில் டிக்கெட் போட்டேன். "டிரைவர் அப்டேட் பண்ணுங்க சார்." பண்ணினேன். "ஃபர்ம்வேர்?" அதையும் பண்ணினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதிலேயே போனது. செவ்வாய் இரவு மறுபடி 1135.

அப்புறம்தான் கிளஸ்டர் மேனேஜரில் நெட்வொர்க் பகுதியை நிதானமாகப் பார்த்தேன். கார்டு இரண்டு, பட்டியலில் நெட்வொர்க் ஒன்றே ஒன்று. இரண்டுக்கும் ஒரே சப்நெட்டில், அதாவது ஒரே முகவரித் தொகுதியில், ஐபி. (கொடுத்தது யார் என்று கேட்காதீர்கள், நான்தான்.) எங்களுடையது விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2. அதில் ஒரு சப்நெட்டுக்கு ஒரு கார்டைத்தான் கிளஸ்டர் கணக்கில் எடுக்கும். 2016 பதிப்பிலிருந்துதான் அந்தக் கட்டுப்பாடு போனது. ஆக, 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்று நோடுகள் ஒன்றுக்கொன்று நொடிக்கு ஒன்றாக அனுப்பும் ஹார்ட்பீட் அத்தனையும் ஒரே கார்டு வழியாக. பேக்கப் ஓடும் நேரத்தில் அந்தப் பக்கம் கொஞ்சம் திணறி, தொடர்ந்து ஐந்து தவறினால் கதை முடிந்தது. நிறுவிய நாளில் எடுத்த வேலிடேஷன் ரிப்போர்ட்டை (கிளஸ்டர் அமைப்பு சரியா என்று பார்க்கும் சோதனை அறிக்கை) தோண்டினேன். நோடுகளுக்கு நடுவே ஒரே ஜோடி இன்டர்ஃபேஸ்தான் என்று மஞ்சள் முக்கோணம் போட்டு எழுதியிருந்தது. "வார்னிங்தானே" என்று நான் மூடிவைத்தது.

இரண்டாவது கார்டைப் புது சப்நெட்டுக்கு மாற்றி, கேட்வேயைக் காலியாக விட்டு, டிஎன்எஸ் பதிவு டிக்கை எடுத்தது பத்து நிமிஷ வேலை. நெட்வொர்க் 2 வந்தது. ஆனால் நிலை: பார்ட்டிஷன்ட். அதாவது, அந்த வழியில் நோடுகளால் ஒன்றையொன்று எட்ட முடியவில்லை.

பிங் அடித்தால் ஜோராகப் போகிறது! இருந்தும் அரைநாள் கேபிளையும் விலானையும் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்து வைக்கும் தனி நெட்வொர்க்) சந்தேகப்பட்டேன். பிங் வேறு, ஹார்ட்பீட் வேறு. ஹார்ட்பீட் போவது யுடிபி 3343 என்ற போர்ட் வழியாக. ஒரு நோடில் இருந்த ஆன்டிவைரஸின் ஃபயர்வால், புது நெட்வொர்க்கை அந்நியமாக நினைத்து அந்த போர்ட்டை மட்டும் அடைத்திருந்தது. திறந்ததும் பச்சை. த்ரெஷோல்டை (எத்தனை ஹார்ட்பீட் தவறலாம் என்ற வரம்பை) கூட்டிவிட்டால் போதும் என்று யாராவது யோசனை சொன்னால், முதலில் இதையெல்லாம் பார்த்துவிட்டுக் கூட்டுங்கள்.

சரி, ஒரு கேபிளைப் பிடுங்கிச் சோதிக்கலாம் என்று ரேக்குக்குப் பின்னால் போனேன். லேபிள் கிடையாது. கையால் தடவிக்கொண்டே போனால், இரண்டு கேபிளும் ஒரே சுவிட்சின் 11, 12-ஆம் போர்ட்டில் பக்கத்துப் பக்கத்தில் செருகியிருக்கின்றன. விலான் மட்டும் வேறு. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டு நோடின் இரண்டாவது கேபிளையும் வேறு சுவிட்சுக்கு மாற்றினேன். உங்கள் சுவிட்சுகளுக்கு கரன்ட் எங்கிருந்து வருகிறது என்றும் ஒருமுறை பாருங்கள். எங்கள் இரண்டும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் தொங்கின. அதையும் பிரித்தேன்.

சோதனையை டேட்டாபேஸ் ஓடாத நோடில்தான் செய்தேன். ஓடும் நோடில் கிளையன்ட் பக்கக் கேபிளைப் பிடுங்கினால் டேட்டாபேஸின் ஐபி முகவரியே (ஐபி ரிசோர்ஸ்) விழுந்து, டேட்டாபேஸ் எப்படியும் தாவிவிடும். முதல் கேபிளை உருவிவிட்டு மனசுக்குள் இருபது வரை எண்ணினேன். லாகில் 1127 மட்டும் வந்தது: இன்டர்ஃபேஸ் ஒன்று போய்விட்டது என்று. நோட் அப்படியே கிளஸ்டரில் நின்றது. 1135 வரவில்லை.