மில்க்: ஒரு வார்டைப் பிடித்த கதை

ஹார்வி மில்க்கைப் பற்றி கஸ் வான் சான்ட் இயக்கிய 'மில்க்' (2008) படத்தைப் பார்க்குமுன் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. சான் ஃபிரான்சிஸ்கோவில் அவர் வகித்த சூப்பர்வைசர் பதவி நம்மூர்க் கணக்கில் மாநகராட்சி கவுன்சிலர் பதவி. 128 நிமிடப் படத்தில் பெரும்பகுதி, வெளிப்படையான தன்பாலீர்ப்பாளர் ஒருவர் அந்த நாற்காலியைப் பிடிக்கப் பட்ட பாடுதான்.

கொலையை மறைத்துவைத்துக் கடைசியில் அதிரவைக்கும் வேலையைப் படம் செய்யவில்லை. மேயர் ஜார்ஜ் மொஸ்கோனியும் மில்க்கும் சுட்டுக் கொல்லப்பட்டதை சூப்பர்வைசர்கள் அவைத் தலைவர் டயான் ஃபைன்ஸ்டைன் அறிவிக்கும் அசல் செய்திக் காட்சி தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. பிறகு மில்க்காக நடிக்கும் ஷான் பென் சமையலறை மேசையில் டேப் ரெக்கார்டர் முன் உட்கார்ந்து பேசுகிறார். இது கற்பனை இல்லை. தான் கொல்லப்பட்டால் மட்டுமே போட்டுக் கேட்க வேண்டும் என்று சொல்லி, 1977 நவம்பரில் மில்க் உண்மையிலேயே ஒலிநாடா பதிந்து வைத்திருந்தார். திரைக்கதை எழுதிய டஸ்டின் லான்ஸ் பிளாக் அதில் சரடு பிடித்துத்தான் ஆண்டுகளைத் தாண்டித் தாண்டிப் போகிறார்.

1973 சூப்பர்வைசர் தேர்தலில் 32 வேட்பாளர்களில் பத்தாவது இடம். 1975இல் ஆறு இடங்களுக்கான போட்டியில் ஏழாவது. 1976இல் மாநில சட்டமன்றத்துக்கு நின்று, 4,000க்கும் குறைவான வாக்குகளில் தோல்வி. ஆளுக்கு செல்வாக்கு இருந்தது, முறைதான் இடித்தது. அப்போது சூப்பர்வைசர் தேர்தலுக்கு நகரம் முழுக்க ஒரே தொகுதி. தன்பாலீர்ப்பாளர்கள் நிறைந்த காஸ்ட்ரோ பகுதியில் அள்ளிய வாக்குகள் மொத்த எண்ணிக்கையில் கரைந்துபோயின. நகரை 11 வார்டுகளாகப் பிரித்து நடந்த 1977 தேர்தலில், 17 பேர் மோதிய ஐந்தாவது வார்டில் சுமார் 30 சதவீத வாக்கே வெற்றிக்குப் போதுமானதாக இருந்தது. படம் இதை ஓரிரு வசனங்களில் கடந்துவிடுகிறது. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது. பென் தலைமுடியை வெட்டி கோட்டு மாட்டுவதைப் பார்ப்பவர்கள், தோற்றத்தை மாற்றியதால்தான் மில்க் ஜெயித்தார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

கூட்டணி கட்டும் இடங்கள் பிரமாதம். கூர்ஸ் பீரைப் புறக்கணிக்க லாரித் தொழிலாளர் சங்கத்தோடு கைகோர்த்த கதை வருகிறது. சங்கத் தலைவர் ஆலன் பேர்ட் தானாகவே தோன்றுகிறார். நாய்க்கழிவை அதை வளர்ப்பவரே அள்ள வேண்டும் என்ற சட்டத்துக்காக மில்க் பூங்காவில் தொலைக்காட்சிக்காரர்களிடம் பேசிக்கொண்டே நடந்து, சரியான இடத்தில் கழிவை மிதிக்கிறாரே, கவுன்சிலர் அரசியலை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. கடைக் காட்சிகளும் காஸ்ட்ரோ தெரு 575இல், அவர் கேமரா கடை நடத்திய அதே இடத்திலேயே எடுக்கப்பட்டவை.

ஒளிப்பதிவாளர் ஹாரிஸ் சாவிடஸின் ஒரு ஷாட்டைத் தவறவிடாதீர்கள். தாக்குதல் நடந்தால் உதவிக்குக் கூப்பிட, காஸ்ட்ரோ ஆண்கள் விசில் வைத்திருப்பார்கள். கொலையுண்ட ஒருவரின் விசில் ரத்தக்கறையோடு தரையில் கிடக்கிறது. மில்க்கும் போலீஸ்காரரும் பேசுவது முழுக்க அதன் வளைந்த உலோகப் பளபளப்பில் பிரதிபலிப்பாகத் தெரிகிறது. மற்றபடி கேமரா அங்கே எதையும் காட்டுவதில்லை.

விடுபட்டதில் மன்னிக்க முடியாதது சாலி கியர்ஹார்ட். தன்பாலீர்ப்பு ஆசிரியர்களையும் அவர்களை ஆதரிப்பவர்களையும் அரசுப் பள்ளிகளிலிருந்து நீக்க, கலிஃபோர்னியாவில் மக்கள் வாக்கெடுப்புக்கு வந்த புரபொசிஷன் 6க்கு எதிராக, தொலைக்காட்சி விவாதத்தில் மில்க்கின் பக்கத்தில் உட்கார்ந்து வாதாடிய பேராசிரியர் அவர். படத்தில் அவர் இல்லவே இல்லை. ஆஸ்கர் வென்ற 1984 ஆவணப்படமான 'தி டைம்ஸ் ஆஃப் ஹார்வி மில்க்'கில் அவரே பேசுகிறார். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

புரபொசிஷன் 6க்கு எதிரான பிரச்சாரத்தில் 'கே' (தன்பாலீர்ப்பாளர்) என்ற சொல்லே இல்லாத துண்டறிக்கையைக் கண்டு மில்க் கொதிக்கும் காட்சி ஒன்று உண்டு. நம்மில் ஒருவரை நேரில் அறிந்தவர் நமக்கு எதிராக வாக்களிக்கத் தயங்குவார், ஆகவே வீட்டிலும் வேலையிடத்திலும் வெளிப்படையாகச் சொல்லுங்கள் என்பது அவர் கணக்கு. 1978 நவம்பர் 7 அன்று 58 சதவீதம் பேர் புரபொசிஷன் 6ஐ நிராகரித்தார்கள். இருபதாவது நாள், பதவி விலகியிருந்த சக சூப்பர்வைசர் டான் வைட் மில்க்கைச் சுட்டான்.

30 ஆண்டுகள் கழித்து, திருமணச் சமத்துவத்தை ஒழிக்க வந்த புரபொசிஷன் 8க்கு எதிரான விளம்பரங்களும் தன்பாலீர்ப்புத் தம்பதிகளைப் பெரும்பாலும் திரையில் காட்டாமலே ஓடின. 2008 நவம்பர் 4 அன்று அது நிறைவேறியது. காஸ்ட்ரோ தியேட்டரில் அக்டோபர் 28 அன்றே முதல் காட்சி கண்ட படம், பொதுமக்களுக்கு வந்ததோ நவம்பர் 26 அன்று. அந்தத் துண்டறிக்கைக் காட்சியை வாக்குப்பதிவுக்கு முன்பே கலிஃபோர்னியா முழுக்க ஓட்டியிருக்க வேண்டும்.