ஃபேடரைத் தொடுறதுக்கு முன்னாடி

மைக்செட் வீட்டு மருமகள்னு தெரிஞ்சதும் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: "உங்களுது எத்தனை வாட்ஸுங்க?" நிச்சயதார்த்தத்துக்கு புக் பண்ண வர்றவங்களும் அதைத்தான் கேட்பாங்க, புதுசா பவர்டு மிக்சர் (ஆம்ப்ளி உள்ளேயே இருக்கிற மிக்சர்) வாங்கப் போற பசங்களும் அதைத்தான் கேட்பாங்க. நாகலூர்ல பஜனைக் குழு வச்சிருக்கிற தம்பி போன்ல கேட்டதும் அதேதான். அந்த மிக்சரை எப்படி மாட்டி ஓட்டணும்னு அவருக்கு வாயால சொன்னதை எழுதியும் வச்சிடலாம்னுதான் இது.

வாட்ஸ் கதையை முதல்லயே முடிச்சிடறேன். வாட்ஸை இரட்டிப்பாக்கினா சத்தம் இரட்டிக்காது. சத்தத்தை அளக்கிற கணக்குல 3 டெசிபல்தான் கூடும். கடைசி வரிசையில உக்காந்து வெத்தலை போடுறவருக்கு அது பட்டும் படாமத்தான் தெரியும். ஆனா திறந்தவெளியில ஸ்பீக்கர் பாக்ஸுக்கும் காதுக்கும் நடுவுல இருக்கிற தூரம் இரட்டிச்சா 6 டெசிபல் விழுந்துடும். அப்போ காசை எங்கே போடணும்? பாக்ஸை ஆளுங்க பக்கத்துல கொண்டு போறதுலயும், தலைக்கு மேல தூக்கி நிறுத்துறதுலயும். ஏற்காட்டுப் பக்கம் நூத்தம்பது இருநூறு பேர் உக்கார்ற ஹாலுக்கு, இடது வலது ஒவ்வொரு பக்கத்துக்கும் 300 வாட்ஸ் கொடுக்கிற மிக்சர் தாராளம். மிச்சக் காசுல நல்ல ஸ்டாண்டும் வயரும் வாங்கிக்கோங்க.

எங்க கடை தாதகாப்பட்டியில. மாமாவோட ரேக், பழைய அஹுஜா ஆம்ப்ளி, குழாய் ஸ்பீக்கர் எல்லாம் ஆடி மாசத்துக்கு. கோட்டை மாரியம்மன் பண்டிகை, குகை வண்டி வேடிக்கைன்னு சேலமே தெருவுல இருக்கிற மாசம் அது. மலைக்கு அதெல்லாம் ஏத்துறதில்லை. இருபது கொண்டை ஊசி வளைவு, ஆம்னி வேன், பின்னாடி ஆம்ப்ளி ரேக்கும் கூடன்னா மாமாவுக்கு முதுகுவலி, எனக்கு மனவலி. மிக்சர், ஆம்ப்ளி, கிராபிக் ஈக்வலைசர் (அடிச் சத்தம், கீச்சுச் சத்தத்தைப் பட்டை பட்டையாப் பிரிச்சு ஏத்தி இறக்குறது), எக்கோ எல்லாம் ஒரே பெட்டியில அடங்கின பவர்டு மிக்சர்தான் மலைக்குச் சரி. ஒரு கையில தூக்கிடலாம்.

பெட்டி ஒண்ணா இருக்கிறதாலேயே வர்ற தொல்லை ஒண்ணு உண்டு. பார்க்க ஒரே மாதிரி இருக்கிற ஓட்டைங்களுக்குள்ள வேற வேற சரக்கு ஓடும். ஸ்பீக்கர்னு எழுதியிருக்கிற சாக்கெட்ல முழு வேகத்துல முப்பது நாற்பது வோல்ட் வரும். மேடையில பாடுறவங்களுக்குத் தனியா அனுப்புற மானிட்டர் அவுட், பதிவு பண்ற ரெக்கார்ட் அவுட்ல வர்றது ஒரு வோல்ட் சுத்துப்பட்டு. உள்ளேயே ஆம்ப்ளி இருக்கிற ஆக்டிவ் பாக்ஸை ஸ்பீக்கர் சாக்கெட்ல குத்தினா அதோட இன்புட் கருகிடும். சாதாரண பாக்ஸை மானிட்டர் அவுட்ல குத்தினா ஒண்ணும் கெடாது, கொசு பாடுற மாதிரி கேட்கும், அவ்வளவுதான்.

பழைய ஆம்ப்ளியில பழகினவங்க தடுமாறுற இடம் வேற. அதோட பின்னாடி 4, 8, 16 ஓம், 70 வோல்ட், 100 வோல்ட்னு ஸ்க்ரூ வரிசையா இருக்கும். நூறு வோல்ட் லைன்ல வோல்டேஜ் ஏறினதால கரண்ட் குறையும், வயர்ல ஆகுற இழப்பும் குறையும். கோயில்ல இருந்து தெரு முனை வரைக்கும் மெல்லிசு வயர்லயே வரிசையா குழாய் கட்ட முடியுறது அதனாலதான். ஒவ்வொரு குழாய்லயும் ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் உக்காந்திருக்கும். பவர்டு மிக்சர்ல பெரும்பாலும் இந்த ஏற்பாடு கிடையாது. ஓம் கணக்கு மட்டும்தான்.

ஓம்னா கரண்டுக்கு பாக்ஸ் காட்டுற எதிர்ப்பு. அந்தக் கணக்கு பெரிய கம்பசூத்திரம் இல்லை. 8 ஓம் பாக்ஸ் ஒண்ணு மாட்டினா 8. பேரலல்ல (அதே ரெண்டு கம்பியிலயே) இன்னொண்ணு சேர்த்தா 4. மூணாவதையும் சேர்த்தா ரெண்டே முக்காலுக்கும் கீழ. மிக்சர் பின்னாடி குறைஞ்சது 4 ஓம்னு அச்சடிச்சிருந்தா மூணாவது பாக்ஸோட கதை அங்கேயே முடிஞ்சுது. ஓம் குறையக் குறைய ஆம்ப்ளி கூடுதல் கரண்ட் கொடுத்தாகணும், சூடாகும், ப்ரொடெக்ட் லைட் எரிஞ்சு சத்தம் நிக்கும். அது நிக்கிறது எப்பவும் மாப்பிள்ளை மோதிரம் போடுற நேரமாத்தான் இருக்கும்.

மஞ்சகுட்டை பக்கம் ஒரு எஸ்டேட் ஹால்ல நிச்சயம். பொண்ணு வீட்டுப் பங்காளி ஒருத்தர் நேரா மாமாகிட்ட வந்து, "ஏனுங்க, பந்தியில ஒண்ணுமே கேக்கல. இன்னொரு பாக்ஸ் இழுத்து வுடுங்க"ன்னார். மாமா தலையை ஆட்டிட்டு என்னைப் பார்த்தார். "கண்ணு, ஆக்டிவ் ஒண்ணு வண்டியில கெடக்குதா?" கிடந்துச்சு. மானிட்டர் அவுட்ல இருந்து ஒரு மைக் வயரை பந்திக் கூடம் வரைக்கும் இழுத்து ஆக்டிவ் பாக்ஸ்ல மாட்டினோம். அதுக்குக் கரண்ட் அங்கேயே இருந்த பிளக்ல. மெயின் ஆம்ப்ளிக்கு ஒரு ஓம் பாரம் கூட ஏறலை. இன்னொரு சௌகரியமும் இருக்கு. சேனல்ல இருக்கிற மானிட்டர் திருகை வச்சு, பந்திக்கு நாதஸ்வரப் பாட்டு மட்டும் போகட்டும், மேடையில நடக்கிற சீர்வரிசைப் பேச்சு போக வேண்டாம்னு பிரிச்சு விடலாம். அன்னிக்கு அது ரொம்பவே உதவிச்சு. பேச்சு அப்படி!

வயர். கிட்டார் வயர்லயும் மோனோ ஜாக், சில மிக்சரோட ஸ்பீக்கர் சாக்கெட்லயும் மோனோ ஜாக். நுழையுதேன்னு மாட்டக் கூடாது. கிட்டார் வயருக்கு உள்ளே இருக்கிறது தலைமுடி கனத்துல ஒரு கம்பி. ஸ்பீக்கருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு, ரெண்டு கோர் வாங்குங்க. முப்பது மீட்டர் ஓட்டத்துக்குப் போக வர அறுபது மீட்டர், அதுல கிட்டத்தட்ட 0.4 ஓம்தான் சேரும். மெல்லிசான 0.75 வயரா இருந்தா 1.4 ஓம் ஆகும். 8 ஓம் பாக்ஸுக்குப் போற பவர்ல ஏறக்குறைய 15 சதவீதத்தை வயரே தின்னுடும். ஆயிரம் வாட்ஸா ரெண்டாயிரமான்னு கேட்கிறவங்க யாரும் வயரோட கனத்தைக் கேட்டு நான் பார்த்ததில்லை. ஸ்பீக்கருக்குன்னே வர்ற ஸ்பீக்கான் சாக்கெட் இருந்தா அதையே பயன்படுத்துங்க. திருகினா பூட்டிக்கும், குழந்தைங்க கால் தட்டினாலும் கழண்டு வராது.

மலை மேல போன உடனே மல்ட்டிமீட்டரை எடுத்து பிளக்ல வோல்டேஜ் பார்க்காம எதையும் மாட்டுறதில்லை. ஜெனரேட்டர் கரண்ட்னா கண்டிப்பா. எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல ஒண்ணு ரெண்டு வோல்ட்டுக்கு மேல காட்டினா எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவோம். "ம்ம்"னு இரைச்சல் வருதுன்னு எர்த் பின்னை உடைச்சு வச்ச பிளக்கை இன்னும் பல மண்டபத்துல பார்க்கிறேன். ஈரத்தரையில வெறும் காலோட நின்னு பாடுறவங்க உதடு மைக்ல படுற தொழில் இது. எர்த்துல விளையாடக் கூடாது. இரைச்சல் வந்தா கீபோர்டுக்கும் மிக்சருக்கும் ஒரே போர்டுல இருந்து கரண்ட் கொடுங்க, நடுவுல ஒரு டிஐ பாக்ஸ் (கீபோர்டு சிக்னலை மைக் வயர்ல போற மாதிரி மாத்துற குட்டிப் பெட்டி) போடுங்க, சீரியல் லைட்டை வேற லைனுக்குத் தள்ளுங்க. முக்கால்வாசி அடங்கிடும்.

இவ்வளவும் முடிஞ்சப்புறம்தான் மிக்சர் சுவிட்ச். போடும்போது மெயின் ஃபேடர், அதாவது மொத்தச் சத்தத்தையும் ஏத்தி இறக்குற நகர்த்துக் கட்டை, அடியில இருக்கணும்.

அடுத்தது கெயின், அதாவது மைக்ல இருந்து வர்றதை மிக்சர் முதல்ல எவ்வளவு பெருக்கணும்ங்கிற அளவு. இதுல அவசரப்படுற ஆளுக்கு நிகழ்ச்சி முழுக்க வேர்வைதான். சேனல் ஃபேடரை 0 கோட்டுல வைங்க. மேல இருக்கிற கெயின் திருகை முழுசா இடப்பக்கம் திருகிட்டு, பாடுறவங்களைப் பாடச் சொல்லி மெல்ல ஏத்துங்க. அவங்க உச்சத்துக்குப் போறப்ப மட்டும் பீக் லைட் மின்னணும். மின்னினதும் கொஞ்சம் இறக்கி விட்டுடுங்க. அப்புறம் அந்தத் திருகைத் தொட வேண்டாம், ஃபேடரே போதும்.

பாடச் சொல்லின்னு சொன்னேன் பாருங்க, அதுலதான் சூட்சுமம். மைக்கை நீட்டினா நம்ம ஆளுங்க எல்லாரும் "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ"ன்னு பூனைக்குட்டி குரல்ல சொல்வாங்க. அந்த அளவுக்குக் கெயின் வச்சா நிஜப் பாட்டுல மிக்சர் கிழியும். அதே நிச்சயத்துல நலங்குப் பாட ஒரு பாட்டி. மைக்கை வாங்கினதும் கூச்சத்துல முந்தானையால வாயை மூடிக்கிட்டு "என்ன சொல்லோணும்"னு முணுமுணுத்தாங்க. "ஒண்ணும் சொல்ல வேணாங்க பாட்டி. மாப்பிள்ளையைக் கேலி பண்ற அடி ஒண்ணு எடுத்து விடுங்க"ன்னேன். எடுத்தாங்க பாருங்க! பீக் லைட் சிவப்பா நின்னே போச்சு. கெயின் கால் திருகுக்கு மேல இறங்குச்சு.

பாட்டுக்கு நடுவுல வெக்கம் போய் மைக்கோட வலைத் தலையையே கையால பொத்திப் பிடிச்சுக்கிட்டாங்க. உடனே பாக்ஸ் கூவ ஆரம்பிச்சுது. பாடுற மைக் முன்னாடி வர்றதை வாங்கும், பின்னாடி வர்றதைத் தள்ளும். அந்தத் தள்ளுற வேலை வலைக்குப் பின்பக்கம் இருக்கிற துளை வழியா நடக்குது. பொத்தினா அது போச்சு, எல்லாப் பக்கமும் வாங்க ஆரம்பிச்சுடும். பக்கத்துல போய் பாட்டி விரலை ஒவ்வொண்ணா எடுத்து கைப்பிடிக்கு இறக்கி விட்டேன். பாட்டை நிறுத்தாமலே கை மாத்திக்கிட்டாங்க. ஈக்வலைசரைத் தொட வேண்டிய அவசியமே வரலை.

இந்தக் கூவலுக்கு, அதாவது பாக்ஸ் சத்தம் திரும்ப மைக்குக்குள்ள போய்ச் சுத்துற ஹவுலிங்குக்கு, முதல் மருந்து எப்பவும் இடம் மாத்துறதுதான். பாக்ஸ் மைக்குக்கு முன்னால, ஜனங்களைப் பார்த்து நிக்கணும். பேசுறவர் பாக்ஸைத் தாண்டி முன்னாடி நடந்து வந்தா கூவத்தான் செய்யும். யாரும் பேசாத மைக்கைச் சும்மா திறந்து வைக்காதீங்க. திறந்த மைக் எண்ணிக்கை இரட்டிக்கிறப்ப எல்லாம் கூவாம ஏத்தக்கூடிய அளவுல 3 டெசிபல் போயிடும். பேச்சு மைக்குக்கெல்லாம் லோ கட் பட்டனை அமுக்கிடுங்க. மேடைப் பலகையில தட்டுற சத்தம், வாய்க் காத்து, தவில் அதிர்வு கொஞ்சம் வெளியே நிக்கும். இதுக்கப்புறமும் கூவினா கிராபிக் ஈக்வலைசருக்கு வாங்க. 'ஊ'ன்னு அடிவயித்துல இருந்து கூவினா 250, 500 பக்கம், 'கீ'ன்னு காதைக் குத்தினா 2,000, 4,000 ஹெர்ட்ஸ் பக்கம். அந்த ஒரு பட்டையை 3 டெசிபல் இறக்கிப் பாருங்க. ஏழு பட்டையையும் சிரிக்கிற வாய் மாதிரி வளைச்சு வைக்கிற பசங்க இருக்காங்க, போட்டோவுக்கு அழகா இருக்கும். பேச்சு புரியுற இடம் நடுவுல, அதைத்தான் அவங்க இறக்கி வச்சிருப்பாங்க.

எக்கோ விஷயத்துல எனக்கும் மாமாவுக்கும் என்னிக்கும் ஒத்து வராது. தொகுத்துப் பேசுற அண்ணனுங்க வந்ததும் "எக்கோ வைங்க"ம்பாங்க, மாமாவும் தாராளமா வைப்பார். தகரக் கூரை, டைல்ஸ் தரை, கண்ணாடி ஜன்னல் உள்ள மலை ஹாலுக்குச் சொந்தமாவே எக்கோ இருக்கு. அதுமேல இன்னும் ஊத்தினா மணமக்கள் பேர் கூடப் புரியாது. பாடுறப்ப கொஞ்சம், பேசுறப்ப பூஜ்யம். பம்பை, தவில் வந்துட்டா மைக்கே வேண்டாம். அந்தச் சத்தத்தோட மிக்சர் போட்டி போட்டு ஜெயிச்சதா சரித்திரம் இல்லை. அவங்க அடிச்சு முடிக்கிற வரைக்கும் ஃபேடரை இறக்கிட்டுப் போய் காபி குடிங்க. ஏற்காட்டுக் காபி.

ராத்திரி பத்து மணிக்கு நிறுத்திடணும். 2000-ல வந்த ஒலி மாசு விதிப்படி, தனி அனுமதி இல்லாம ராத்திரி 10 மணியில இருந்து காலையில 6 மணி வரைக்கும் வெளியில ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில பகல்லயே 55 டெசிபல்தான் அளவு. மலையில ஒரு சரிவுல போடுற பாட்டு எதிர்ச் சரிவுல இருக்கிற வீட்டுக்குத் தெளிவாவே போகும். பாக்ஸை வாசலைப் பார்த்து வைக்காம உள்பக்கமாத் திருப்பினாலே பாதிப் புகார் வராது.

கழட்டுறப்ப மெயின் ஃபேடர் இறங்கி, மிக்சர் அணைஞ்சு, அப்புறம்தான் வயர். கரண்ட் கொடுத்தாத்தான் வேலை செய்யுற கண்டென்சர் மைக்குக்காக, மைக் வயர் வழியாவே போற 48 வோல்ட் பேண்டம் போட்டிருந்தா அதை அணைச்சு, கொஞ்ச நேரம் விட்டு மைக்கை உருவுங்க. மலைக் குளிர்ல ராத்திரி முழுக்க வேன்ல கிடந்த மிக்சரைக் காலையில சேலத்துக்கு இறக்கினா, உள்ளே இருக்கிற தகடெல்லாம் இன்னும் சில்லுன்னு இருக்கும். கீழ இருக்கிற வெதுவெதுப்பான காத்துல ஈரம் இருந்தா அதுமேல வேர்க்கும். அதனால பையோட ஜிப்பைத் திறக்காம அப்படியே கடையில வச்சிடுவோம். மத்தியானச் சாப்பாடு முடிஞ்சு வந்து தொட்டுப் பார்த்து, வெளித்தகடு சில்லுன்னு படாம இருந்தாத்தான் சுவிட்ச். மாமாவுக்கு அதுக்குள்ள பொறுக்காது. அன்னிக்கு ஜிப்போட சாவி என் கிட்டதான் இருக்கும்.