முதல்ல இருந்து போடணுங்களா?

பென்னாகரம் பக்கம் கிராம சுகாதார செவிலியராகச் சேர்ந்த புதிதில், புதன்கிழமை என்றாலே எனக்குப் படபடப்பு. தடுப்பூசி நாள். ஐஸ் பேக் வைத்த கேரியரில் மருந்து வந்துவிடும். பட்டியலில் உள்ள சில குழந்தைகள் மட்டும் பெங்களூரில் இருக்கும். அப்பனும் அம்மாவும் கட்டட வேலைக்குப் போனால் கைக்குழந்தையும் கூடத்தானே போகும்.

அப்படி ஒரு பெண், 6 வாரத்தில் முதல் பென்டாவேலன்ட் ஊசி (ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசி, மூன்று தவணை) போட்ட பையனை எட்டு மாதம் கழித்துத் தூக்கி வந்தார். "முதல்ல இருந்து போடணுங்களா, நர்சம்மா?" பழைய ஊசி வீண்தான் என்று நினைத்து நன்றாகத் திட்டிவிட்டேன். அட்டையில் மறுபடி 'முதல் தவணை' என்று எழுதப் போனபோது, கூட இருந்த சீனியர் அக்கா தடுத்தார். "ரெண்டுன்னு எழுதும்மா. விட்ட எடத்துல இருந்துதான்."

ஏன் என்பது, பிறகு ஒரு மாதாந்திரக் கூட்டத்தில் டாக்டர் போர்டில் வரைந்து காட்டியபோதுதான் விளங்கியது. ஊசி போட்ட இடத்தில் இருந்து மருந்தின் துண்டை ஒரு வகை செல் பக்கத்து நிணநீர்க் கணுவுக்கு எடுத்துப் போகிறது. அங்கே உதவி டி செல் என்ற நோய் எதிர்ப்பு செல் அதைப் பார்த்து விழித்துக்கொள்கிறது. கிருமியைப் பிடிக்கும் எதிர்ப்பொருளைச் செய்கிற பி செல்லும் அதே பொருளைப் பிடித்து விழுங்கி, ஒரு துண்டை வெளியே நீட்டுகிறது. இரண்டு பேர் சொல்வதும் ஒத்துப்போக வேண்டும். பத்திர ஆபீஸ் சாட்சிக் கையெழுத்து மாதிரி என்று நான் வைத்துக்கொண்டேன். கையெழுத்து விழுந்தால் பி செல் பெருகும், எதிர்ப்பொருளைக் கூர்மையாக்கும். சில நினைவு செல்களாகத் தங்கும், சில எலும்பு மஜ்ஜையில் குடியேறி ஆண்டுக்கணக்கில் எதிர்ப்பொருள் சுரக்கும். கையெழுத்து இல்லையென்றால் நினைவு சரியாக நிற்காது.

பென்டாவேலன்டில் இருக்கும் ஹிப் ஊசி இதற்கு நல்ல உதாரணம். ஹிப் என்பது மூளைக்காய்ச்சல் தரும் ஒரு பாக்டீரியா. அந்தக் கிருமியின் மேலுறை சர்க்கரைச் சங்கிலி. உதவி டி செல் பார்ப்பதோ புரதத் துண்டை. சாட்சியே வராது! அதனால் வெறும் சர்க்கரையில் செய்த பழைய ஊசி கைக்குழந்தைகளிடம் பலிக்கவில்லை. ஹிப் மூளைக்காய்ச்சல் அதிகம் தாக்கியதும் அந்த வயதைத்தான். அப்புறம் சர்க்கரையை டெட்டனஸ் புரதம் போன்ற ஒன்றோடு இணைத்தார்கள். பி செல் சர்க்கரையைப் பிடிக்கும்போது ஒட்டிக்கொண்டிருக்கும் புரதமும் உள்ளே போகிறது. அந்தப் புரதத் துண்டைக் காட்டிக் கையெழுத்து வாங்கிவிடுகிறது. கெட்டிக்காரத்தனம்தான். அமெரிக்காவில் 1987-இல் முதல் இணைப்பு ஊசிக்கு அனுமதி கிடைத்தது. இந்தியாவில் பென்டாவேலன்ட் 2011 டிசம்பரில் முதலில் வந்தது தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும்.

ஆக, முதல் ஊசியில் உண்டான நினைவு பெங்களூரில் தொலைந்துபோகவில்லை. எதிர்ப்பொருள் குறைந்தாலும் நினைவு செல்கள் அடுத்த தவணைக்குக் காத்திருந்தன. அதற்காக அந்த எட்டு மாதமும் பையன் பத்திரமாக இருந்தான் என்று சொல்ல முடியாது. ஒரு தவணைப் பாதுகாப்பு போதாது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதுதான் இந்த வேலையில் கஷ்டம். 'பரவாயில்லை' என்றால் அடுத்த தவணையும் தள்ளும். திட்டினால், ஊருக்கு வந்தாலும் நம் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

நாலு வாரம் கழித்து மூன்றாவது ஊசிக்கு மாமியார்தான் பையனைத் தூக்கி வந்தார். மருமகள் எங்கே என்றேன்.

"நீங்க வைவீங்கன்னு புளியமரத்தடியில நிக்கறாம்மா."