இடிபாடு பார்க்கப் போன கதை

என் மாமனார் மின்வாரியத்தில் முப்பத்து நான்கு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். விருதுநகர்க்காரர். அவருக்கு இரண்டு விஷயங்களில் பித்து உண்டு. ஒன்று எர்த்திங், அதாவது கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடுகிற வயர் வேலை. இன்னொன்று ஹம்பி. யூனியன்காரர்களோடு எப்போதோ ஹம்பிக்குப் போய் வந்ததிலிருந்து, இடிந்து கிடக்கிற எதைப் பார்த்தாலும் நின்று விடுவார்.

போன ஜூலையில் மாமாவும் அத்தையும் ஹங்கேரியின் புடாபெஸ்ட்டுக்கு எங்களைப் பார்க்க வந்திருந்தார்கள். நான் இங்கே வேலைக்கு வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு சனிக்கிழமை அம்மாவும் மகளும் வீட்டில் உட்கார்ந்து ஆற அமரப் பேசுவதற்காக, ஆண்கள் இருவரையும் வெளியே தள்ளத் திட்டம் போட்டார்கள். மனைவி போனில் ஏதோ தேடிப் பதிவு செய்து முடித்துவிட்டாள். "ரூயின் டூர்ப்பா. கைடு உண்டு. மூணு மணி நேரம், நாலு இடம். வரலாறெல்லாம் சொல்வாங்களாம். குடிக்கவும் குடுப்பாங்களாம்."

காபி கொடுப்பார்கள் என்று அவள் நினைத்தாள். ஹம்பி மாதிரி ஏதோ காட்டுவார்கள் என்று மாமா நினைத்தார். நான் ஒன்றுமே நினைக்கவில்லை. வாட்ஸப்பில் அவள் அனுப்பிய டிக்கெட்டை டிராமில் போகும்போதுதான் திறந்தேன். 'ரூயின்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னச் சொல் இருந்தது. 'பார்'.

பக்கத்தில் மாமா தொப்பி, ஸ்வெட்டர், இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில், குறிப்பெழுத ஒரு டைரி சகிதமாக உட்கார்ந்திருந்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எனக்குக் கல்யாணமாகி ஏழு வருடம். இந்த ஏழு வருடத்தில் நானும் அவரும் சேர்ந்து குடித்ததிலேயே காட்டமான சமாச்சாரம் சுக்குக் காபிதான். அவர் பார்வையில் நான் தங்கமான மாப்பிள்ளை. என் பார்வையில் அவர் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே போகிற மனுஷர். இருவரும் ஒருவர் முன்னால் ஒருவர் கால் மேல் கால் போட்டுக்கூட உட்கார்ந்ததில்லை.

டெயாக் சதுக்கத்தில் கைடு பொண்ணு குடையோடு நின்றாள். அவளைச் சுற்றி அயர்லாந்துப் பையன்கள் பதினோரு பேர். அதில் ஒருவனுக்கு அடுத்த வாரம் கல்யாணம். பதினோரு பேர் பனியனிலும் அவன் முகம் அச்சடித்திருந்தது. மாமா எல்லோருக்கும் கைகூப்பி வணக்கம் சொன்னார். என்னிடம் திரும்பி, "காலேஜ் பசங்க போல. தொல்லியல் படிக்கிறாங்களோ?" என்றார்.

"மாமா, ஒரு சின்ன விஷயம்..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் குடை நகர்ந்துவிட்டது. மாமா முதல் ஆளாகப் பின்னால் போய்விட்டார்.

முதல் இடம் படியிறங்கிப் போகிற ஒரு நிலவறை. செங்கல் வளைவுக் கூரை. மாமா வளைவைத் தட்டிப் பார்த்து, "சுண்ணாம்புக் காரை" என்று டைரியில் எழுதினார். பிறகுதான் கண் பழகி, பீர்க் குழாய்கள் தெரிந்தன. எழுதுவதை நிறுத்தினார். என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை. கைடு எல்லோருக்கும் பீர் சொன்னாள். நான் ரொம்ப வேகமாக "ஆரஞ்சு ஜூஸ்" என்றேன். அதைவிட வேகமாக அவர் "எனக்கும்" என்றார்.

பையன்கள் கோப்பைகளை மோதப் போனார்கள். கைடு பாய்ந்து தடுத்தாள். ஹங்கேரியில் பீர்க் கோப்பையை மோதக்கூடாதாம். 1849இல் ஆஸ்திரியாவை எதிர்த்த புரட்சி தோற்றபோது, அக்டோபர் 6ஆம் தேதி அராத் என்ற ஊரில் பதின்மூன்று தளபதிகளைக் கொன்றார்கள். அன்றைக்கு ஆஸ்திரியர்கள் பீர்க் கோப்பைகளை மோதிக் கொண்டாடினார்கள் என்று கதை. அதனால் 150 வருஷத்துக்கு மோதுவதில்லை என்று சபதமாம். தளபதிகள் கொல்லப்பட்டது வரலாறு, கோப்பை மோதியது செவிவழிக் கதை என்று அவளே ஒப்புக்கொண்டாள். கணக்குப் பார்த்தால் சபதம் 1999லேயே முடிந்துவிட்டது. ஆனாலும் இன்னமும் பலபேர் மோதுவதில்லை.

மாமாவுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. "மானஸ்தனுங்க" என்றார். டைரி மறுபடி திறந்தது. எங்கள் ஆரஞ்சு ஜூஸையும் மோதாமலே குடித்தோம்.

மோதாவிட்டாலும் வாழ்த்துச் சொல்ல வேண்டுமே. 'எகேஷ்ஷேகெத்ரெ' என்று கைடு சொல்லிக் கொடுத்தாள். உன் ஆரோக்கியத்துக்கு என்று அர்த்தம். மாமா நன்றாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எகேஷ்ஷெக்கெத்ரெ!" என்றார். பக்கத்து மேசையில் இருந்த உள்ளூர்க் கிழவர் ஒருவர் மூக்கு வழியாகப் பீர் வருகிற மாதிரி சிரித்தார். விஷயம் இதுதான். நடுவில் 'ஷே' நெடிலாக இருக்க வேண்டும். அதைக் குறிலாக்கி, போதாததற்கு ஒற்றும் மிகுந்தால், ஆரோக்கியம் போய் 'உன் மொத்தப் பிட்டத்துக்கும்' என்று ஆகிவிடுகிறது. குறில் நெடில் தகராறு நமக்கு மட்டும்தான் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது இடத்தில் உட்காரக்கூட இல்லை. எல்லோருக்கும் சின்னக் கண்ணாடிக் குப்பியில் கருப்பாக ஒன்று வந்தது. பாட்டில் நாட்டு வெடிகுண்டு மாதிரி உருண்டை. நடுவில் சிவப்புச் சிலுவை. பெயர் உனிகும். நாற்பதுக்கும் மேற்பட்ட மூலிகைகள் சேர்த்து, ஸ்வாக் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகச் செய்வது. 1948இல் கம்யூனிஸ்ட் அரசு ஆலையைப் பறித்துக்கொண்டது. அதிகாரிகளிடம் போலிச் செய்முறையைக் கொடுத்துவிட்டு, அசலோடு குடும்பம் வெளிநாடு போய்விட்டதாம். ஆட்சி மாறியபின் திரும்பி வந்து ஆலையை மீட்டார்கள்.

மாமா இதில் எதையும் கேட்கவில்லை. சிவப்புச் சிலுவையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மருந்தா இது?"

"மருந்தாத்தான் ஆரம்பிச்சதாம் மாமா. மூலிகை."

"சளிக்குக் கேக்குமா?"

அவருக்குச் சளி இல்லை. எனக்கும் இல்லை. ஆனால் ஐரோப்பியக் குளிர் என்று ஒன்று இருக்கிறதே. ஜூலை மாதம், வெளியே 31 டிகிரி. "எதுக்கும் ஒரு முன்னெச்சரிக்கைக்கு" என்று சொல்லிக்கொண்டே அண்ணாந்து ஊற்றினார். கண்ணை மூடினார். நிலவேம்புக் கஷாயத்தில் தீபாவளி லேகியத்தைக் கரைத்து, மேலே கொஞ்சம் நெருப்பு வைத்த மாதிரி இருந்தது. எனக்கு எப்படித் தெரியும் என்றா? எனக்கும் முன்னெச்சரிக்கை வேண்டாமா?

அங்கிருந்து கொஞ்ச தூரம் நடை. கோஷ்து முற்றம் வழியாகப் போனோம். 1901இல் கட்டியது, ஏழு கட்டடங்கள், இடையில் ஆறு முற்றங்கள், ஒரு தெருவில் நுழைந்து அடுத்த தெருவில் வெளியே வரலாம். "நம்ம மதுரை காம்பவுண்டு வீடு" என்றார் மாமா. கைடு இந்த இடத்தில் குடையைத் தாழ்த்திக்கொண்டு கொஞ்சம் மெதுவாகப் பேசினாள். இந்த ஏழாவது வட்டாரம் பழைய யூதக் குடியிருப்பு. 1944இல் இங்கேதான் சுவர் எழுப்பி யூதர்களை அடைத்தார்கள். அதற்குப் பிறகு ஆளில்லாமலும் கவனிப்பில்லாமலும் கிடந்த வீடுகள் பல. இடிக்கப் போகிற கட்டடங்களைக் குறைந்த வாடகைக்குப் பிடித்து, 2000க்குப் பிறகு இளவட்டங்கள் பார் ஆக்கினார்கள். அதனால் ரூயின் பார். அயர்லாந்துப் பையன்கள்கூட அந்த ஐந்து நிமிடம் சத்தம் போடவில்லை. மாமா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

மூன்றாவது இடத்தில்தான் ஏழு வருடத்து நாடகம் முடிவுக்கு வந்தது.

நல்ல புழுக்கம். முற்றத்தில் மரப்பெஞ்சு. மேசைக்கு மேசை பழைய பாணி சோடா சிஃபன், கைப்பிடியை அழுத்தினால் பீய்ச்சும் கண்ணாடி பாட்டில். ஹங்கேரிக்காரர்கள் கோடையில் வைனில் சோடா கலந்து குடிக்கிறார்கள். பெயர் ஃப்ரொச். வைன் ஒன்று, சோடா ஒன்று என்றால் சின்ன ஃப்ரொச். இரண்டுக்கு ஒன்று என்றால் பெரிய ஃப்ரொச். வைன் ஒன்று, சோடா இரண்டு என்றால் ஹொஸ்ஸூலேபேஷ், அதாவது நீண்ட எட்டு, காலடி எடுத்து வைக்கிற எட்டு. மூன்றுக்கு இரண்டு என்றால் ஹாஸ்மெஷ்டெர், அதாவது கட்டடக் காவலாள். விகிதத்துக்கு விகிதம் பெயர் வைத்திருக்கிறார்கள். டாஸ்மாக் பக்கம் ஒதுங்கியவர்களுக்கு இந்த நாட்டின் மேல் தானாகவே ஒரு மரியாதை வரும்.

கைடு அடுத்துச் சொன்னதுதான் மாமாவைக் கவிழ்த்தது. இங்கே சோடா தயாரிப்பைத் தொடங்கி வைத்தவர் யெட்லிக் ஆன்யோஷ். (இங்கே குடும்பப் பெயர் முன்னால் வரும், நம் இனிஷியல் மாதிரி.) பெனடிக்ட் சபைத் துறவி, இயற்பியல் பேராசிரியர். 1820களின் கடைசியிலேயே மின்சார மோட்டார் ஒன்றைச் சுழல விட்டவர். சீமென்ஸுக்கு முன்பே டைனமோ தத்துவத்தைக் கண்டவர்.

மாமா எழுந்து நின்றுவிட்டார். "மோட்டார் கண்டுபிடிச்ச மனுஷன் செஞ்ச சோடாவா?" என்று கேட்டுவிட்டு, அயர்லாந்துப் பையன்கள் பக்கம் திரும்பி, தன் மின்வாரிய ஆங்கிலத்தில் வகுப்பெடுக்கத் தொடங்கினார். 1885இல் இதே புடாபெஸ்ட்டில், கான்ஸ் தொழிற்சாலையில், மூன்று பொறியாளர்கள் டிரான்ஸ்ஃபார்மருக்கு மூடிய இரும்பு உள்ளகம் வைத்தார்கள், அது இல்லாவிட்டால் உங்கள் ஊரில் விளக்கெரியாது. மாப்பிள்ளைப் பையன் உணர்ச்சிவசப்பட்டு எழுந்து, "டிரான்ஸ்ஃபார்மர்! டிரான்ஸ்ஃபார்மர்!" என்று கத்த, பதினோரு பேரும் கோஷம் போட்டார்கள். யூனியன் வாசல் கூட்டம் மாதிரியே இருந்தது. மாமா கையைத் தூக்கி அமைதிப்படுத்திவிட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் முன்னால் இருந்த வைன் கிளாஸை எடுத்தார்.

அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கிளாஸைச் சாய்த்தார். சிஃபன் மூக்கைக் கண்ணாடி ஓரத்தில் ஒட்டவைத்து, நுரை பொங்காமல், பக்கவாட்டில் வழிய விட்டார். விரல் அளவு பார்த்து நிறுத்தினார். "ரெண்டுக்கு ஒண்ணு ஸ்ட்ராங்கு. இந்த நீள எட்டுதான் நம்ம கட்டிங்குக்குச் சரியா வரும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நான் கேட்காத மாதிரி என் கிளாஸை எடுத்தேன்.

அடுத்தது நினைத்துச் செய்ததல்ல, கை பழக்கம். மோதிர விரலைக் கிளாஸில் நனைத்து இரண்டு சொட்டு ஓரமாகத் தெறித்தேன். அதே நொடியில் எதிரே அவர் விரலும் தெறித்துக்கொண்டிருந்தது. இரண்டு விரலும் அந்தரத்தில் நின்றன.

கைடு ஆர்வமாக, "இது உங்கள் நாட்டு வழக்கமா?" என்று கேட்டாள்.

யாரும் பதில் சொல்லவில்லை. மாமாதான் முதலில் வாயைத் திறந்தார்.

"கம்பெனி பார்ட்டியா மாப்ள?"

"எப்பவாவது மாமா. நீங்க?"

"யூனியன் மீட்டிங்."

"அத்தைக்குத் தெரியுமா?"

"யூனியன் மீட்டிங் நடக்கும்னு தெரியும்."

மோதலாமா என்று பார்த்தேன். பீருக்குத்தானே தடை. மோதினோம்.

கடைசி இடம் கசின்சி தெருவில் இருக்கிற சிம்ப்ளா கெர்ட். ரூயின் பார்களுக்கெல்லாம் மூத்தது. 2002இல் வேறிடத்தில் தொடங்கி 2004இல் இங்கே வந்தது. பழைய அடுப்புத் தொழிற்சாலை. பாதியில் அறுத்த குளியல் தொட்டிதான் சோஃபா. முற்றத்தில் கூரையில்லாத டிரபான்ட் கார், அதற்குள் மேசை. மாமா ஒருவழியாக ஹம்பியைப் பார்த்த சந்தோஷத்தில் இருந்தார். டிரபான்ட்டைத் தட்டிப் பார்த்து, "இரும்பே இல்லியே" என்றார். உண்மைதான். மேற்பகுதி பஞ்சுக் கழிவையும் பிசினையும் சேர்த்து அழுத்திச் செய்தது. டூ ஸ்ட்ரோக் இன்ஜின், பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். இதற்குப் பத்து வருடத்துக்கு மேல் காத்துக் கிடந்தார்களாம் கிழக்கு ஜெர்மனியில். "நான் பஜாஜ் ஸ்கூட்டருக்குக் காத்துக் கிடந்த மாதிரி" என்று சொல்லி உள்ளே ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்து மேலே பார்த்தார்.

மேலே வயர்கள். மாடிக்கு மாடி குறுக்கே, சைக்கிளும் கம்ப்யூட்டர் திரையும் தொங்க, நூறு வண்ண பல்பு எரிய, கொடிக்கயிறு மாதிரி ஓடின. பாதி அலங்காரத்துக்குத் தொங்குவதாக இருக்கலாம். மாமா ஏற்கவில்லை.

"எம்சிபி எங்க இருக்கு?" ஷார்ட்டானால் தானே கரண்டைத் துண்டிக்கிற சுவிட்சைத்தான் கேட்கிறார்.

"மாமா, வாங்க."

"எர்த்து இருக்கான்னு மட்டும் கேட்டுட்டு வந்துடறேன்."

கேட்டார். பார்மேனிடமே கேட்டார். அவன் அதை ஏதோ காக்டெய்ல் பெயர் என்று நினைத்து, ஐஸ் வேண்டுமா என்று கேட்டான்.

அப்போதுதான் ஒரு பெண் கூடையோடு வந்தாள். கூடையில் கேரட். தோல் சீவிய முழுக் கேரட். இந்த இடத்தில் இரவில் கேரட் விற்பார்கள், குடிக்கிறவர்கள் வாங்கிக் கடிப்பார்கள். நம்ம ஊர் மாங்காய்க் கீற்று மாதிரிதான் என்றாலும் உப்பும் மிளகாய்த்தூளும் இல்லாதது ஒரு குறை. மாமா நாலு வாங்கினார். "வாடை தெரியாது" என்று கண்ணடித்தார். ஏழு வருடத்தில் அவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தது அதுதான் முதல் தடவை. எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

பக்கத்தில் ஒரு வண்டியில் லாங்கோஷ் வாங்கினோம். மைதா மாவை எண்ணெயில் பொரித்து, பூண்டு, புளித்த கிரீம், துருவிய சீஸ் போட்டுத் தருவது. சோலா பூரிக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்த மாதிரி இருக்கும். பூண்டும் சேர்ந்ததில் வாடைப் பிரச்சினை முழுசாகத் தீர்ந்தது என்று இருவரும் நம்பினோம். 6ஆம் எண் டிராம் ராத்திரி முழுக்க ஓடும். அதில் மாமா கேரட்டைக் கடித்தபடி யூனியன் மீட்டிங்குகளின் உண்மை வரலாற்றைச் சொல்லிக்கொண்டு வந்தார். அதை இங்கே எழுதுவதற்கில்லை.

வீட்டுக் கதவைத் திறந்த மனைவி, "இடிபாடெல்லாம் எப்படிப்பா இருந்துச்சு?" என்றாள்.

"ரொம்பப் பழசும்மா. வயரிங்தான் சரியில்ல."

தூங்கப் போகலாம் என்று நகர்ந்தோம். அத்தை எதுவும் பேசாமல் எழுந்து வந்து, மாமாவின் சட்டைப் பையில் நீட்டிக்கொண்டிருந்த அரைக் கேரட்டை இரண்டு விரலால் உருவினார். மூக்கருகே கொண்டுபோனார். அவரைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"எந்தச் சாமிங்க அது, கேரட்டைப் பிரசாதமாக் குடுக்கிற சாமி?"