மண்ணுக்கும் வீட்டுக்கும் நடுவே

வட கரோலைனாவில், ராலே பக்கம் எங்கள் தெருவில் பாதி வீடுகள் தரையில் உட்காரவே இல்லை. சுற்றிலும் செங்கல் சுவர், நடுவே தூண்கள், மேலே மர உத்தரங்கள், அதற்கும் மேல்தான் வீடு. உத்தரத்துக்கும் மண்ணுக்கும் இடையே விட்டிருக்கும் சந்துதான் கிரால் ஸ்பேஸ். எங்கள் வீடு சரிவில் நிற்பதால் பின்பக்கச் சின்னக் கதவருகே மூன்றடி உயரம் உண்டு. முன்பக்கம் போகப் போக வயிறு தேய ஊர வேண்டும்.

வடக்கே மினசோட்டா போன்ற இடங்களில் குளிரில் மண் உறைந்து உப்பும். அஸ்திவாரம் நாலைந்து அடி இறங்கியாக வேண்டும். அவ்வளவு தோண்டியவர்கள் இன்னும் கொஞ்சம் தோண்டி நிலவறையே கட்டிவிடுவார்கள். இங்கே அந்த அவசியமில்லை. போதாக்குறைக்கு, தண்ணீரை விடாமல் பிடித்துக்கொள்ளும் செங்களிமண் வேறு.

குடிநீர்க் குழாய், கழிவுக் குழாய், ஏசியின் குளிர்காற்று போகும் டக்ட், ஒயர் எல்லாம் கீழேதான் ஓடுகின்றன. குழாய் கசிந்தால் பிளம்பர் உள்ளே புகுந்து வேலையை முடித்துவிடுவார். ஊரில் ஒரு கசிவுக்காகப் பாத்ரூம் டைல்ஸை முழுக்க உடைத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

வில்லங்கம் கோடையில்தான். சுவரில் காற்றுக்காக விட்ட துளைகள் வழியே புழுக்கக் காற்று நுழைந்து, குளிர்ந்த டக்ட் மேல் பட்டதும் வேர்த்துக் கொட்டும். உத்தரத்தில் பூஞ்சை பிடிக்கும். குளிரும் வெப்பமும் தரை வழியே ஏறாமலிருக்க உத்தரங்களுக்கு இடையில் செருகிய கண்ணாடி நார்ப் பஞ்சு ஈரம் குடித்துக் கிழிந்த மெத்தைபோலத் தொங்கும். காற்றோட்டம் இருந்தால் ஈரம் காயும் என்ற கணக்கு இங்கே செல்லாது. அதனால் இப்போது பலர் துளைகளை அடைத்து, மண்மேல் கனத்த பிளாஸ்டிக் விரித்து, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் டீஹியூமிடிஃபையர் வைக்கிறார்கள். செலவு ஆயிரக்கணக்கான டாலர். என்னைக் கேட்டால், சமையலறைக்குக் கிரானைட் போடுமுன் இதைத்தான் செய்ய வேண்டும்.

“பூச்சிபொட்டு வராதாடா?” என்று அம்மா வந்த வாரமே கேட்டார். வரும். கூன் முதுகோடு துள்ளும் ஒரு ஜாதிப் பூச்சி உண்டு, கடிக்காது. கரையான்தான் ஆபத்து. சுவரில் மண்குழாய் கட்டி உத்தரத்துக்கு ஏறிவிடும். அதற்காக வருஷா வருஷம் ஆள் வந்து டார்ச் அடித்துப் பார்க்கிறார்.

டொராண்டோவில் ஸ்கார்பரோ பக்கம் இருக்கும் நண்பர் வீட்டிலும் கிரால் ஸ்பேஸ் உண்டு. ஆனால் அது வீட்டுக்குள்ளேயே கதவு வைத்த, கான்கிரீட் தரை போட்ட இடம். விண்டர் டயர், சூட்கேஸ், பெரிய அண்டா என்று அடுக்கி வைத்திருக்கிறார். அதைப் பார்த்துவிட்டு வந்து இங்கே அட்டைப்பெட்டிகளைக் கீழே இறக்கினால், ஒரே கோடையில் புடவையெல்லாம் பூஞ்சணம் பூத்துவிடும்.