"ரொம்ப வேகம்", "ரொம்ப மந்தம்": ரெண்டு புகாரும் உண்மைதான்

ஒருவழியாக வேகப் புகார் நின்றது. பிரவுசரில் ஆடுகிற என்னுடைய குட்டி ஓடு-குதி கேமுக்கு வரும் ஃபீட்பேக்கில் பெரும்பங்கு "ரொம்ப வேகம், கண்ணே கட்டுது" என்றுதான் இருக்கும். அதற்கு அடுத்தபடியாக "ரொம்ப மந்தம், தூக்கம் வருது". இரண்டும் ஒரே லெவலைப் பற்றி. வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு ஸ்லைடர் வையுங்கள் என்று நல்ல மனதோடு யோசனை சொன்னவர்களும் உண்டு. வைத்திருந்தால் புகார் அமுங்கியிருக்கும், கோளாறு அப்படியே உள்ளே உட்கார்ந்திருக்கும்.

வழி திறந்தது கருத்துப் பெட்டியை மாற்றியதில்தான். "உங்கள் கருத்து" என்று வெறும் பெட்டி வைத்தால் "சூப்பர்", "மொக்கை" இரண்டுக்கும் நடுவே எதுவும் வராது. இப்போது கேள்வி ஒன்றே ஒன்று: "எந்த இடத்தில் கடுப்பானீர்கள்?" கூடவே லெவல் எண், திரை அளவு, தொடுதிரையா கீபோர்டா, ஒரு ஃபிரேமுக்கும் (திரையில் வரையும் ஒரு படத்துக்கும்) அடுத்ததற்கும் உள்ள இடைவெளி, இவையும் சேர்ந்து வருகின்றன. இவையும் எனக்கு வருகின்றன என்று பெட்டிக்குக் கீழேயே எழுதியும் வைத்திருக்கிறேன், ஒளித்து எடுப்பது எனக்குப் பிடிக்காது. மானிட்டரின் ஹெர்ட்ஸ் (செகண்டுக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பது) எவ்வளவு என்று பிரவுசரிடம் நேராகக் கேட்க வழி இல்லை, நாமே அளந்துதான் பார்க்க வேண்டும். அளக்கும்போது சராசரியை விட நடுமதிப்பு எடுப்பது மேல். நடுவில் ஒரே ஒரு விக்கல் வந்தாலும் சராசரி கெட்டுவிடும். சாதனப் பெயரையும் நம்ப வேண்டாம். 2019-ல் வந்த ஐபேட்ஓஎஸ் 13-லிருந்து ஐபேடின் சஃபாரி தன்னை மேக் என்றே சொல்லிக்கொள்கிறது. எத்தனை விரல் தொடுகையை ஏற்கிறது என்று கேட்டால்தான் குட்டு உடையும்.

அந்த எண்களைப் பக்கத்தில் வைத்துப் புகார்களைப் படித்தால் எல்லாம் பளிச். "வேகம்" என்றவர்களின் இடைவெளி 7 மில்லி செகண்டுக்குப் பக்கம், அதாவது 144 ஹெர்ட்ஸ் மானிட்டர். "மந்தம்" என்றவர்களுக்கு 33, பெரும்பாலும் ஐஃபோனில் பேட்டரி சேமிப்பு மோடு; அதில் சஃபாரி ஃபிரேம் வேகத்தை 30-க்கு இறக்கிவிடும். அடுத்த ஃபிரேமை வரையச் சொல்லி கேமைக் கூப்பிடும் பிரவுசர் வசதியான ரெக்வெஸ்ட் அனிமேஷன் ஃபிரேம் திரையின் தாளத்துக்குத்தானே கூப்பிடும். ஃபிரேமுக்கு இத்தனை பிக்சல் என்று நகர்ந்தால் 60-ல் ஒழுங்காக ஓடுவது 144-ல் 2.4 மடங்கு பறக்கும், 30-ல் பாதியாக நகரும். ஸ்கோர் பட்டியலின் உச்சியில் இருந்த சிலர் எப்படி அவ்வளவு தூரம் ஓடினார்கள் என்பதும் அப்போதுதான் விளங்கியது. பாவம், அவர்கள் ஏமாற்றவில்லை, பேட்டரியை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். பட்டியலை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினேன், அதற்கு வந்த திட்டு தனிக் கணக்கு.

டெல்டா டைமால் (முந்தைய ஃபிரேமிலிருந்து கடந்த நேரத்தால்) பெருக்கிவிட்டால் போச்சே என்பீர்கள். ஓடுவதற்குப் போதும், குதிப்பதற்குப் போதாது. ஈர்ப்பை ஃபிரேம் ஃபிரேமாகக் கூட்டும்போது ஃபிரேமின் நீளத்துக்கு ஏற்ப குதிக்கும் உயரம் கொஞ்சம் மாறும். ஒருவர் மானிட்டரில் எட்டுகிற மேடை இன்னொருவர் மானிட்டரில் நூலிழையில் எட்டாது. அப்புறம் "மூன்றாவது லெவலைத் தாண்டவே முடியாது" என்று ஒரு புகார் வரும், நம் கணினியில் ஆடிப் பார்த்தால் சுலபமாகத் தாண்டும். ஆகவே நிலையான படி: திரை எதுவானாலும் கேமின் கணக்கு செகண்டுக்கு 60 படி, கடந்த நேரத்தைச் சேமித்து வைத்து, சேர்ந்த அளவுக்குப் படிகளை ஓட்டுவது.

அதோடு முடிந்திருந்தால் இந்தப் பதிவே தேவையில்லை. படியை நிலையாக்கியதும் 144 ஹெர்ட்ஸ் ஆட்களிடமிருந்து புதுப் புகார்: "இப்போ வேகம் சரி, ஆனா நடுங்குது." நடுங்கத்தான் செய்யும். 144-ஐ 60-ஆல் வகுத்தால் 2.4, ஆக ஒரு படி இரண்டு ஃபிரேம் நிற்கும், அடுத்தது மூன்று ஃபிரேம் நிற்கும். தரையில் ஓடும் ஆளை விடப் பின்னால் நகரும் மலைகளில் அது நன்றாகத் தெரிகிறது. எனக்கு 60 ஹெர்ட்ஸ் மானிட்டர்தான், ஆகவே கண்ணால் பார்க்காமலே திருத்த வேண்டிய வேலை. மருந்து தெரிந்ததுதான்: முந்தைய நிலை, இப்போதைய நிலை இரண்டையும் வைத்துக்கொண்டு, மிச்சம் இருக்கும் நேரத்துக்கு ஏற்ப இரண்டுக்கும் இடையில் ஓரிடத்தில் வரைவது.

போட்டேன். நடுக்கம் போனது, பேய் வந்தது. ஆள் செத்து லெவலின் தொடக்கத்துக்குத் திரும்பும்போது ஒரு கணம் திரையின் குறுக்கே விர்ரென்று பறந்தான். செத்த இடம் முந்தைய நிலை, தொடக்கப்புள்ளி இப்போதைய நிலை, இரண்டுக்கும் நடுவில் வரை என்று சொன்னால் அது வரையத்தானே செய்யும். பொருள் தாவும் இடத்திலெல்லாம் முந்தைய நிலையையும் புதிய இடத்துக்கே மாற்றிவிட வேண்டும். கேமராவுக்கும் அதேதான், அதைத் தேடிப் பிடிக்கத்தான் தலைமுடி போச்சு. ஒரு ஆட்டக்காரர் இந்தப் பேயைப் பார்த்துவிட்டு "ஆவி திரும்புற எஃபெக்ட் அருமை, எடுத்துடாதீங்க" என்று எழுதியிருந்தார். எடுத்துவிட்டேன், மன்னிக்கவும்.

இப்படி வரைவதில் ஒரு விலை உண்டு: திரையில் தெரிவது எப்போதும் ஒரு படிக்குள்ளாகப் பின்தங்கியே இருக்கும், அதாவது அதிகபட்சம் சுமார் 17 மில்லி செகண்டு. அதைக் கண்டுபிடித்துச் சொல்கிற ஆள் எவரும் இருக்க மாட்டார் என்று எண்ணினால், "குதிக்கிற பட்டன் சில சமயம் வேலை செய்யல" என்று வந்தது. அந்தப் புகாருக்குக் காரணம் வேறு. விசையைச் சட்டென்று தட்டி எடுத்தால் அழுத்தியதும் விட்டதும் இரண்டு படிகளுக்கு இடையிலேயே முடிந்துவிடும். படி ஓடும்போது பார்த்தால் விசை மேலே இருக்கும். அழுத்திய செய்தியைப் பிடித்து அடுத்த படி வரை வைத்திருந்தால் சரி. வைக்கிறதே வைக்கிறோம் என்று ஆறு படி, அதாவது 100 மில்லி செகண்டு வரை வைத்துக்கொண்டேன். தரையைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே அழுத்தியவருக்கும் இப்போது குதிப்பு கிடைக்கிறது. ஆட்டக்காரர் எவரும் இதைக் கேட்கவில்லை, ஆனால் "கன்ட்ரோல் நல்லா மாறிடுச்சு" என்று மிக அதிகமாகப் பாராட்டு வாங்கியது இதுதான். வாரக்கணக்கில் வரைந்த புது மலைகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"வேற டேபுக்குப் போய் வந்தா செத்துக் கிடக்குறேன்" என்பதும் இதே குடும்பம். மறைந்த டேபில் ஃபிரேம் வராது, திரும்பியதும் போன நேரம் மொத்தமும் ஒரே மூட்டையாக வந்து விழும். கால் செகண்டுக்கு மேல் ஏற்காதே என்று வரம்பு வைத்தேன், டேப் மறைந்ததும் தானாக நிற்கவும் செய்தேன்.

சத்தம் பற்றி ஒரு இடைச்செருகல். முதல் தட்டலுக்கு முன் சத்தமே வரவில்லை என்பவர்களுக்குப் பதில்: பிரவுசர் விடாது, ஆகவே தொடக்கத்தில் ஒரு "ஆடு" பொத்தான். ஒலிகளை ஃப்ரீசவுண்ட் என்ற ஒலித் தளத்தில் எடுக்கிறேன். அங்கே ஒவ்வொரு கோப்புக்கும் உரிமம் வேறு வேறு, வணிகப் பயன்பாடு கூடாது என்பதும் கலந்திருக்கும், வடிகட்டித் தேடுங்கள். குதிக்கும், காசு எடுக்கும் சத்தங்களுக்கு ஜேஎஸ்எஃப்எக்ஸ்ஆர் என்ற ஒலி உருவாக்கி போதும், பொத்தானைத் தட்டத் தட்டப் புதிதாகக் கொடுத்துக்கொண்டே இருக்கும். காசுச் சத்தம் காதைக் குத்துகிறது என்று ஒரு புகார் நிலுவையில் இருக்கிறது, எனக்கு அது பிடித்திருப்பதால் இழுத்தடிக்கிறேன்.

சேமித்த ஆட்டம் காணாமல் போவது இன்னும் தீரவில்லை. சஃபாரியில் 2020 முதல், ஒரு தளத்தைத் தொடாமல் பிரவுசரை 7 நாள் பயன்படுத்தினால் அதன் லோக்கல் ஸ்டோரேஜ் (தளம் பிரவுசருக்குள் சேமித்து வைப்பது) அழிந்துவிடும். லாகின் வைக்க மனமில்லை. முன்னேற்றத்தைச் சின்னக் குறியீடாகக் கொடுத்து எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லலாமா என்று யோசனை.

தொடுதிரைப் பொத்தான்களை முடிக்க வேண்டிய நேரத்தில் மனம் வேறொன்றில் ஓடுகிறது. படி நிலையாகிவிட்டதால் ஆட்டக்காரர் எந்தப் படியில் எந்த விசையை அழுத்தினார் என்று மட்டும் தெரிந்தால் அவர் ஆட்டத்தை அப்படியே இங்கே ஓட்டிப் பார்க்கலாம். கருத்தோடு அந்த ஓட்டத்தின் விசைப் பதிவையும் அனுப்பச் சொன்னால் "இங்க ஏதோ தப்பு" என்ற ஒற்றை வரிப் புகார் கூடப் பயன்படும். பிரவுசரின் எண் உருட்டியான மேத் ராண்டமுக்கு விதை (அதே எண்களை மறுபடி வரவைக்கும் தொடக்க எண்) கொடுக்க முடியாது, ஆகவே சொந்தமாக ஒரு எண் உருட்டி எழுதியாகிவிட்டது. மாட்டிக்கொண்டிருப்பது சைன் கணக்கு. அதன் கடைசித் தசமங்கள் பிரவுசருக்குப் பிரவுசர் ஒத்துப்போக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. என் கேமில் அதைப் பயன்படுத்துவது அலை அலையாகப் பறக்கும் வௌவால்கள் மட்டும்தான், அதற்கு மட்டும் முன்கூட்டியே கணக்கிட்ட அட்டவணை ஒன்றைப் போட்டுப் பார்க்கப் போகிறேன்.