நுனி உடையாத ஒரு நத்தை

ஃபாசில் நத்தைக்குப் புதுப் பெயர் வைப்பது எப்படி என்று ஜூனியர் மாணவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நான் போன வழியை எழுதிவைக்கிறேன். பெயரை மட்டும் இங்கே சொல்ல மாட்டேன். கட்டுரை வெளிவரும் முன் பெயர் கசிந்தால், விளக்கம் இல்லாத வெற்றுப் பெயராகச் சுற்றித் திரியும். பின்னால் வருகிறவர்களுக்கு அது தலைவலி.

இடம் கருடமங்கலம் பக்கம். திருச்சி, பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் கிரிட்டேசியஸ் காலத்தில் கடல் இருந்தது. அந்தப் பாறைகளை உத்தட்டூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரிப்பது வழக்கம். கருடமங்கலத்தின் சிப்பிச் சுண்ணாம்புக்கல் நடுத் தொகுதியைச் சேர்ந்தது. வயது ஏறக்குறைய ஒன்பது கோடி ஆண்டு. மெருகேற்றி அலங்காரக் கல்லாகவே பயன்படுத்திய கல் அது. அதில் எனக்குக் கிடைத்தவை திருகாணி போல நீண்டு முறுக்கிய ஓடுகள். பார்த்தவுடன் எல்லோரும் சொல்லும் பெயர் டரிட்டெல்லா.

சிக்கலே அங்கேதான். நீண்ட ஓடு என்பது ஓர் உறவு அல்ல, ஒரு வடிவம் மட்டுமே. ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத பல நத்தைக் குடும்பங்கள் அந்த வடிவத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. 1799-இல் லமார்க் டரிட்டெல்லா என்ற பேரினத்தை அமைத்த பிறகு, நீளமாக இருந்ததையெல்லாம் பலர் அதற்குள் போட்டுவிட்டார்கள்.

ஆகவே முதல் வேலை பழைய ஏடுகள். இந்த மண்ணின் நத்தைகளை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற இயற்கையியலாளர் 1846-இலேயே விவரித்துவிட்டார். அப்புறம் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா 1867-68-இல் தென்னிந்தியக் கிரிட்டேசியஸ் நத்தைகளுக்கென்றே ஒரு பெரிய தொகுதி வெளியிட்டார். மொராவியாவில் பிறந்து, 36 வயதில் லடாக்கில் இறந்துபோன மனிதர். அவர் செய்துவைத்த வேலையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஆனால் அவர் தொகுதியில் புகைப்படம் இல்லை, கல்லச்சுப் படங்கள்தான். அழகாக இருக்கும், எனக்கு வேண்டிய நுண்கோடு எல்லாப் படத்திலும் தெரியாது. மூல மாதிரிகளின் படம் கேட்டு ஒரு காட்சியகத்துக்கு எழுதினேன். பதில் வரவே இல்லை. வேறொரு ஆய்வாளர் முன்பு எடுத்துவைத்திருந்த படங்கள்தான் கைகொடுத்தன.

ஓட்டைச் சுத்தம் செய்வது நுண்ணோக்கியின் கீழ் ஊசியால் நடக்கும் வேலை. அமிலம் பக்கமே போகக் கூடாது, கல்லோடு ஓடும் கரைந்துவிடும். புரிகளின், அதாவது ஓட்டின் ஒவ்வொரு சுற்றின், மேல் சுற்றிச் செல்லும் வரிகள் தெரிய ஆரம்பித்ததும், அவற்றில் முதன்மையான மூன்றை மேலிருந்து கீழாக ஏ, பி, சி என்று குறிப்போம். வளர்ந்த புரியில் எத்தனை வரி இருக்கிறது என்பதைவிட, இளம் புரிகளில் எந்த வரி முதலில் முளைத்தது என்பதற்குத்தான் மதிப்பு அதிகம். வாயின் வெளி உதடு பெரும்பாலும் உடைந்தே கிடைக்கும். அந்த உதடு எப்படி வளைந்திருந்தது என்பதை ஓட்டின் மேலுள்ள வளர்ச்சிக் கோடுகள் காட்டிக்கொடுக்கும். டரிட்டெல்லா குடும்பத்தின் வகைப்பாட்டில் அந்த வளைவு முக்கியமான சாட்சி.

சேதமான ஓர் ஓட்டை நெடுக்கில் அறுத்துப் பார்த்தோம். உள்ளே மடிப்புகள் இல்லை, ஆகவே உள்மடிப்பு கொண்ட நெரினியா என்ற நீள ஓட்டு நத்தை வகை இல்லை. அப்புறம் என் கைடு ஒரே கேள்வி கேட்டார்: "நுனி இருக்காப்பா?"

இல்லை. இருந்த பெரிய, அழகான மாதிரிகள் எல்லாவற்றிலும் நுனி முறிந்திருந்தது. லார்வாவாக நீந்திய காலத்தில் உண்டான குட்டி ஓடு அந்த நுனியில்தான் இருக்கும். மதில்டா குடும்பத்து நத்தைகளும் பார்வைக்கு டரிட்டெல்லா மாதிரியே இருக்கும். ஆனால் அவற்றின் லார்வா ஓடு மட்டும் எதிர்த்திசையில் சுற்றியிருக்கும். அந்தக் கடுகளவு நுனி இல்லாமல், இது எந்தப் பெரும்பிரிவு என்றே உறுதியாகச் சொல்ல முடியாது.

பெரியதைத் தேடுவதை விட்டுவிட்டு மண்ணைத் தேடினோம். அதே அடுக்கின் களிமண் பகுதியை மூட்டையில் கொண்டுவந்து, காயவைத்து, தண்ணீரில் ஊறவைத்து, நுண்சல்லடையில் அலசி, மிஞ்சியதை உலர்த்தித் தட்டில் பரப்ப வேண்டும். நுனி நனைத்த மெல்லிய தூரிகையால் ஒவ்வொரு துகளாகத் தொட்டுப் பொறுக்க வேண்டும். கழுத்து பிடித்துக்கொள்ளும். ஒருவழியாகக் குட்டி ஓடுகள் வந்தன. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், வழவழப்பான லார்வா ஓடு, பின்னால் வந்த புரிகள் சுற்றும் அதே திசையில். மதில்டா வெளியே போனது. குட்டிகளையும் பெரியவற்றையும் வரிசையாக அடுக்கியபோது இன்னொன்றும் தெளிவானது: தடித்த வரி, மெல்லிய வரி என்று நாங்கள் தனித்தனியாக வைத்திருந்த இரண்டு குவியல்களும் இடைவெளியே இல்லாமல் ஒன்றில் ஒன்று கலந்தன. இரண்டு இனம் இல்லை, ஒன்றுதான்.

படம் எடுப்பதற்கும் ஒரு சம்பிரதாயம் உண்டு. ஓட்டுக்குக் கறுப்பு மை பூசி, அம்மோனியம் குளோரைடை கண்ணாடிக் குழாயில் சூடாக்கி, அந்த வெண்புகையை மெல்லிய படலமாகப் படியவிடுவோம். நிறம் எல்லாம் மறைந்து மேடு பள்ளம் மட்டும் நிற்கும். நுனி மேலே, வாய் நம்மைப் பார்த்து, வெளிச்சம் இடது மேல் மூலையிலிருந்து. மழை நாளில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம், படலம் ஈரத்தை இழுத்துத் திட்டுத்திட்டாகும்.

பெயர் வைப்பதற்கு விலங்கியல் பெயரிடல் விதிகள் இருக்கின்றன. 1999-க்குப் பிறகு வரும் புதிய இனத்துக்குப் பெயரைத் தாங்கும் மாதிரியை வெளிப்படையாகக் குறித்தே ஆக வேண்டும். நான் ஹோலோடைப்பாக, அதாவது பெயரைத் தாங்கும் அந்த ஒற்றை மாதிரியாக, எடுத்தது இருப்பதில் பெரியது அல்ல. இளம் புரிகளும் வளர்ச்சிக் கோடுகளும் தெளிவாக உள்ள ஒரு நடுத்தர ஓடு. டரிட்டெல்லா பெண்பால் சொல் என்பதால், இனப்பெயர் லத்தீன் பெயரடையாக இருந்தால் அதுவும் அதற்கு ஒத்துப்போக வேண்டும். இதைவிடத் தொல்லை, அதே பெயரை யாராவது ஏற்கெனவே வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பது. டரிட்டெல்லாவுக்குள் அவ்வளவு பெயர்கள் குவிந்து கிடக்கின்றன! நான் ஆசைப்பட்ட முதல் பெயர் அப்படித்தான் போயிற்று.

கட்டுரையைப் பார்த்த மதிப்பீட்டாளர்களில் ஒருவர், இதற்குப் புதுப் பேரினமே அமைக்கலாமே என்று எழுதினார். மறுத்துவிட்டேன். இந்தக் குடும்பத்தில் பேரின எல்லைகள் இன்னும் ஆட்டம் கண்டுகொண்டிருக்கும்போது, ஒரே இனத்துக்காக இன்னொரு பேரினத்தைச் சேர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பரந்த பொருளில் டரிட்டெல்லா என்றே வைத்து, காரணத்தை ஒரு பத்தியில் எழுதினேன். மற்றவர் கேட்டது ஹோலோடைப்பின் பதிவெண். மாதிரி பொதுச் சேகரிப்பு ஒன்றில் சேர்ந்து, எண் கைக்கு வந்த பிறகுதான் திருத்திய படியை அனுப்பினேன். இப்போது ஆசிரியர் மேசையில் இருக்கிறது.